பிளாக் டைம்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> விமானப் பயணத்தில் வரும் பிளாக் டைம் (block time) = தொகுதி நேரம் என்று நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. இங்கே பிளாக் என்பது தொகுதி இல்லை; சக்கரத்தடியில் வைக்கும் கட்டை. அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன ஊரில் நின்று திரும்பக் கட்டை வைக்கும்வரை ஆகும் நேரம் அது. பயணச்சீட்டில் நாம் பார்ப்பதும் இதையே. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்தால் மூன்றரை மணிகூட வராது. அட்டவணையிலோ நாலு மணிக்கு மேல், அங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதைக் கழித்த பிறகும். மிச்சமெல்லாம் ஓடுபாதைவரை ஊர்வதிலும், வரிசையில் நிற்பதிலும், ஏறி இறங்குகையில் வேகம் குறைவதிலும் போய்விடுகிறது.

இதற்கான சொல் நம் தேரடியிலேயே கிடக்கிறது. தேர் நிலையை விட்டுக் கிளம்புகிறது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள். சுற்றி முடித்தால் 'தேர் நிலைக்கு வந்தாச்சு' என்கிறோம். ஆகவே என் பரிந்துரை: கிளம்புவது நிலைபெயர்வு, சேர்வது நிலைசேர்வு, நடுவில் ஆவது நிலையிடை நேரம். சக்கரம் தரையை விட்டெழுந்து மறுபடி தொடும்வரை மட்டும் பறப்பு நேரம். ('கட்டை நேரம்' என்று முதலில் எழுதி நானே அடித்துவிட்டேன். கட்டைவண்டிதான் கண்முன் வந்தது.)

தூரத்திலும் இதே குழப்பம். 'வான்வழித் தூரம்' என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் போடுகிறோம். பூமிப் பந்தின்மேல் இரு ஊர்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய தூரம் பெருவட்டத் தூரம். விமானம் உண்மையில் போனது பறந்த தூரம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் வழியாக ஓட்டியது. சுமார் 15,300 கி.மீ., பழைய வழியைவிட 1,400 கி.மீ. கூடுதல். ஆனாலும் பின்காற்று தள்ளியதில் பதினான்கரை மணியில் போய்விட்டது. ஏறத்தாழ இரண்டு மணி மிச்சம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை எழுதிப் பாருங்கள், தெரியும்.

---

ஐயா, வணக்கம்.

தொகுதி நேரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கட்டை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நிலைசேர்வு உடனே ஒட்டிக்கொண்டது. நிலைபெயர்வுதான் இடிக்கிறது, யாரோ நிலைகுலைந்து போன மாதிரி ஒலிக்கிறது. 'நிலைவிடல்' போதாதா? தேர் நிலையை விட்டது என்பதும் பேச்சில் உள்ளதுதானே.

நிலையிடை நேரத்திலும் சின்னத் தயக்கம். அவசரத்தில் படித்தால் 'இடைநிலை' என்று கண் மாற்றிவிடுகிறது. வேறு கிடைக்கும்வரை அதையே வைத்துக்கொள்வோம். பறந்த தூரம், பெருவட்டத் தூரம் இரண்டையும் இன்றே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.