தொடர் நீர்த்தலில் எண்ணிக்கை இறங்கவில்லை: மாணவர் பயிற்சிக்கு யோசனை தேவை

வணக்கம். பி.எஸ்சி. நுண்ணுயிரியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 6 பேருக்கு, ப்ராஜெக்டுக்கு முன் 3 வாரப் பயிற்சி நடக்கிறது. முதல் வாரம் மைக்ரோபிப்பெட் (மிகச் சிறு அளவு திரவத்தை எடுக்கும் கருவி) மட்டும். 100 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீரை 10 முறை எடை போட வேண்டும். ஒவ்வொன்றும் 100 மில்லிகிராமை ஒட்டி வரணும். கூடினால், உறிஞ்சும்போதே பொத்தானை இரண்டாம் நிறுத்தம் (திரவத்தை முழுதும் வெளியேற்றும் நிலை) வரை அழுத்துகிறார்கள் என்று பொருள். குறைந்தால், கட்டைவிரலைச் சட்டென்று விட்டதில் காற்று ஏறியிருக்கும். இது தேறிவிட்டது.

சிக்கல் அடுத்ததில். ஈ. கோலை பாக்டீரியா வளர்ப்பு 1 மில்லி, உப்புக் கரைசல் 9 மில்லி, இப்படிப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 0.1 மில்லியைத் தட்டில் பரப்புகிறார்கள். 10⁻⁵ (லட்சம் மடங்கு நீர்த்த) தட்டில் 210 காலனி (பாக்டீரியா வளர்ந்த புள்ளி). 10⁻⁶ தட்டில் 21ஐ ஒட்டி வராமல் 45, 50 வருகிறது. 21க்குத் தற்செயல் ஏற்ற இறக்கம் 9 வரை போகலாம், 25 போகாது. ஒவ்வொரு படிக்கும் பிப்பெட்டுக்குப் புது டிப்தான் (முனை). அடர்த்தியான தட்டிலிருந்து தொடங்கி ஒரே கண்ணாடிக் கோலால் பரப்புவதும், குழாயைச் சரியாகக் கலக்காததும்தான் என் சந்தேகம்.

மெத்திலீன் நீலச் சாயத்தை இதேபோல் நீர்த்து, கலரிமீட்டரில் (நிற அடர்த்தியை அளக்கும் கருவி) சரிபார்த்தால் பிழை நீர்த்தலிலா பரப்புவதிலா என்று பிரித்துவிடலாம். செய்து பார்த்தவர்கள் உண்டா? எந்தச் செறிவில் தொடங்கினீர்கள்?

இதைவிடக் கவலை தருவது: இரண்டு நோட்டில் 48ஐ அழித்து 22 ஆக்கியிருக்கிறார்கள். மதிப்பெண் பயம். பிழையான எண்ணையும் அப்படியே வைக்க மாணவர்களை எப்படிப் பழக்குகிறீர்கள்?