சீனப் பெண் படைத்தலைவர்கள்: மூன்று கலைச்சொற்களும் ஒரு விடுபட்ட சொல்லும்

> நியாங்ட்ஸு ஜுன் = மகளிர் படை
> ட்ஸொங்பிங் = (சின் லியாங்யூவுக்கு மட்டும்) பெண் தளபதி
> பைகான் பிங் = வெண்தடிப் படை

அன்புள்ள ஐயா,

சீனப் பெண் படைத்தலைவர்கள் பற்றிய கட்டுரைக்கு நீங்கள் முன்வைத்த, மேலே உள்ள மூன்று தமிழாக்கங்களிலுமே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

'மகளிர் படை' என்றால் பெண்களே நிறைந்த படை என்றுதான் படிப்பவர் கொள்வார். 617இல், பின்னாளில் டாங் அரசை நிறுவிய தந்தை லி யுவான் அன்றைய சுயி அரசை எதிர்த்துக் கிளம்பியபோது, பிங்யாங் இளவரசி தம் சொத்தைச் செலவழித்து ஆள் திரட்டினார்; அக்கம்பக்கத்துக் கிளர்ச்சிக் கூட்டங்களையும் தம் பக்கம் சேர்த்தார். டாங் வரலாற்று நூல்கள் 70,000 பேர் என்கின்றன. படையின் பெயர் வீரர்களைப் பார்த்து வந்ததல்ல, தலைமை தாங்கியவரைப் பார்த்து வந்தது. நியாங்ட்ஸு மரியாதைச் சொல்லும்கூட. 'நாச்சியார் படை' என்போம்.

ட்ஸொங்பிங் மிங் அரசின் முறையான பதவி. ஆண் வகித்தால் 'வட்டாரத் தளபதி', மிங் காலப் பெண் படைத்தலைவர் சின் லியாங்யூ வகித்தால் 'பெண் தளபதி' என்பது எப்படிச் சரியாகும்? அதிகாரபூர்வ மிங் வரலாற்று நூலே அவரை 270ஆம் சுருளில் (இயலில்) படைத்தலைவர்களோடுதான் வைத்திருக்கிறது. மகளிருக்கான 301–303 சுருள்களில் அல்ல. 'பெண்' என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு, அவரையும் 'வட்டாரத் தளபதி' என்றே எழுதுங்கள்.

சின் லியாங்யூவின் 'வெண்தடிப் படை'யில் 'தடி' என்றால் கம்படி நினைவுக்கு வரும். அது ஈட்டி. வெள்ளை மரக்காம்பு, நுனியில் கொக்கி, அடியில் இரும்பு வளையம். ஒன்றின் கொக்கியை மற்றொன்றின் வளையத்தில் மாட்டிக்கொண்டே போனால் செங்குத்துப் பாறையில் ஏறலாம். தென்மேற்குச் சீனாவில் அவருடைய ஷிஜூ மலைநாட்டில் அது பெரிய வசதி. 'வெண்காம்பு ஈட்டிப்படை' நீளம்தான், ஆனால் ஆயுதம் கண்ணுக்குத் தெரிகிறது.

---

(மேற்கண்ட கடிதத்துக்கு மற்றொருவரின் பதில்) நாச்சியார் படைக்கு என் முழு ஆதரவு. ஈட்டிப்படையை முதல்முறை முழுதாகவும், பிறகு 'வெண்காம்புப் படை' என்றும் எழுதலாம்.

பட்டியலில் துஸி (பரம்பரை உள்ளூர்த் தலைவர் பதவி) விடுபட்டிருக்கிறது. அது இல்லாமல் சின் லியாங்யூ தலைமைக்கு வந்த வழி புரியாது: ஷிஜூவின் பரம்பரைப் பதவி கணவர் மா சியான்செங்குடையது; அவர் 1613இல் சிறையில் இறந்தார்; மகன் சிறுவன் என்பதால் பொறுப்பு இவரிடம் வந்தது. ஒலிபெயர்ப்பில் 'தூசி' என்று நெடிலாக்கிவிட வேண்டாம். தூசிப்படை என்று முன்னணிப் படைக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, போர்க் கட்டுரையில் குழப்பும். 'பாளையக்காரர்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. அது நாயக்கர் ஆட்சியின் ஏற்பாட்டையே கண்முன் நிறுத்தும். துஸி உள்ளூர்க் குடித்தலைவர். பதவி பரம்பரையாக வந்தாலும் பேரரசின் ஒப்புதல் வேண்டும். 'பட்டமேற்ற குடித்தலைவர்' பொருந்துமா? சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.