கொங்குத் தமிழ் பேசுகிறவர்களிடம் ஒரு உதவி

வணக்கமுங்க. நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மொழியியல் முதுகலை கடைசி ஆண்டு. தொடரியலில், அதாவது வாக்கியத்தில் சொற்கள் அமையும் முறை பற்றிய படிப்பில், சிக்கனக் கொள்கை பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் 'மினிமலிஸ்ட் புரோகிராம்' (1995) நூல் இந்தச் சிக்கனம் பற்றிச் சொல்வதில் எனக்கு முக்கியமானது இது: வாக்கியத்துக்குள் எந்தச் சொல்லும் தேவையில்லாமல் இடம் பெயராது. பெயர்ந்தாலும் முடிந்தவரை குறைந்த தூரம்தான். அழகான எண்ணம். ஆனால் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பேச்சைக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

போன வாரம் கடலைக்காய் உரித்தபடியே பால்காரரிடம் சொன்னார்: "பெரியவன் சந்தையில மாட்டை வித்துப்போட்டானுங்க." பால்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மிச்சி மறுபடி சொன்னபோது, "மாட்டைப் பெரியவன் சந்தையில வித்துப்போட்டானுங்க." மாடு ஏன் முன்னால் வந்தது? காரணம் இருந்தால் கொள்கை நிற்கும், வெறும் விருப்பம் என்றால் இடறும். சொற்கள் இப்படி இடம் மாறும் ஜப்பானிய மொழியை வைத்தும் இதே வாதம் பல காலமாக நடக்கிறது.

ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர்க்காரர்கள் இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். "மாடு என்னாச்சுங்க?" என்று கேட்டால் எது பதிலாக வரும்? "பெரியவன் என்ன பண்ணுனானுங்க?" என்றால்? எது காதில் உறுத்துகிறது?

அப்புறம், கேட்பவருக்கு மரியாதையாகக் கடைசியில் சேர்க்கும் இந்த 'ங்க'. "வித்துப்போட்டானுங்கன்னு அம்மிச்சி சொன்னாங்க" என்று நடுவில் வருமா, இல்லை கடைசியில் மட்டும்தானா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே, திருத்தாமல் போடுங்க.