சினை ஊசியா, பொலிகாளையா? ஊசியை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்

தொழுவம்12:
என்னிடம் கறவை மாடுகள் 12. இந்த ஆண்டு நான்கு மாடுகளுக்கு மூன்று மூன்று முறை சினை ஊசி (காளை இல்லாமல் விந்தைக் குழாய் வழியே செலுத்தும் செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. ஒவ்வொரு முறை தவறும்போதும் அடுத்த பருவம் வரும் வரை 21 நாள் வீண். மூன்று முறை தவறினால் இரண்டு மாதம் போய்விடுகிறது. பால் குறைந்துகொண்டே வருகிறது, தீவனச் செலவு மட்டும் குறைவதில்லை. அதனால் ஒரு பொலிகாளையை வாங்கிக் கட்டிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். காளைக்கு யாரும் நேரம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசி என்பது விந்து விற்பவர்களுக்குத்தான் வசதி, மாட்டுக்கு இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

கருவூட்டாளர்:
14 ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன், மறுக்கிறேன். காளை செய்வது இரண்டு வேலை. மாடு பருவத்துக்கு வந்ததைக் கண்டுபிடிப்பது ஒன்று, விந்தைச் சேர்ப்பது மற்றொன்று. ஊசி இரண்டாவது வேலையை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. முதல் வேலை மாடு வளர்ப்பவர் தலையில் விழுந்தது. அதை யாரும் சரியாகச் சொல்லித்தராததுதான் பாதிப் பிரச்சினை.

உங்கள் மாடு பருவத்தில் இருப்பதை எப்படிக் கண்டீர்கள்? கத்தியதை வைத்தா? உறுதியான அறிகுறி ஒன்றுதான்: இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பது. அந்த நிலை பெரும்பாலும் 18 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதிகம் கறக்கும் மாடுகளில் இன்னும் குறுகும். அது முடிந்து 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். காலையில் நின்ற மாட்டுக்கு மாலையில் ஊசி, மாலையில் நின்றதற்கு மறுநாள் காலையில் என்று சொல்வது இதனால்தான். எந்நேரமும் தும்பில் கட்டியே கிடக்கும் மாடு எதன் மேல் ஏறும்? ஊமைப் பருவம் (அறிகுறியே காட்டாத பருவம்) என்று நாம் ஒதுக்குவதில் பல, நாம் பார்க்காமல் விட்டவை.

தொழுவம்12:
ஐயா, அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். கடந்த முறை மாடு நின்றதைக் காலை ஆறு மணிக்கே பார்த்துவிட்டுச் சொன்னேன். ஊசி போடுபவர் வந்தது மறுநாள் மதியம். வந்தவர் உறைவிந்துக் குச்சியை (உறையவைத்த விந்து அடைத்த மெல்லிய குழலை) கக்கத்தில் வைத்து உருக்கினார். நான் என்ன செய்ய முடியும்? காளை என் தொழுவத்திலேயே நிற்கும், ஒரு நாள் தாமதமாக வராது.

கருவூட்டாளர்:
படிக்கவே மனம் கஷ்டப்படுகிறது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் குச்சியை 35 முதல் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடமாவது மூழ்கவைத்து உருக்க வேண்டும். குச்சியைத் தேடும்போது, குச்சிகள் இருக்கும் குவளையை நைட்ரஜன் கலனின் கழுத்துக்கு மேலே தூக்கிப்பிடித்து நின்றாலே அதில் இருப்பவை கெட ஆரம்பிக்கும். ஒரு குச்சியில் இருப்பது சுமார் 2 கோடி விந்தணு. காளை ஒருமுறை விடுவதோ பல நூறு கோடி. அத்தனை குறைவாக வைத்தும் சினை பிடிக்கிறதென்றால், கருப்பை வாயைத் தாண்டி நேராக உள்ளே விடுவதால்தான். அதில் ஒரு படி தவறினாலும் ஈடுகட்ட மிச்சம் இல்லை. அடுத்த முறை வெந்நீரும் வெப்பமானியும் நீங்களே எடுத்து வையுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் காளையைக் கட்டுவதற்கு முன் ஒன்று. டிரைக்கோமோனியாசிஸ், விப்ரியோசிஸ் என்று இரண்டு நோய்கள், இணைசேரும்போது பரவுபவை. சுமக்கும் காளை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஓர் அறிகுறியும் காட்டாது. மாடுகளில் கரு ஆரம்பத்திலேயே கலைந்து, மறுபடி பருவத்துக்கு வரும். 1936இல் டென்மார்க்கின் சாம்ஸோ தீவில் முதல் கருவூட்டல் கூட்டுறவு தொடங்கியது. அதன் பிறகு ஐரோப்பாவில் இந்த முறை வேகமாகப் பரவ இந்த நோய்களும் பெரிய காரணம்.

அப்புறம், மூன்று முறை நிற்காத அந்த நான்கு மாடுகளையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருப்பையைப் பரிசோதியுங்கள். அங்கே புண் இருந்தால் ஊசியும் நிற்காது, காளையும் நிற்காது.

மேய்ச்சல்_வழி:
எல்லாரும் தொழுவத்தை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். என் மாடுகள் 200, பரந்த மேய்ச்சல் நிலத்தில். ஒவ்வொன்றையும் நாள் பார்த்துப் பிடித்து வந்து நிறுத்துவது நடக்காத காரியம். காளையின் ஆண்குறி உறையைக் கழுவி எடுத்த நீரை ஆண்டுதோறும் பரிசோதித்துவிட்டுத்தான் மந்தையில் விடுகிறேன். நோய் பயத்துக்கு அதுதான் வழி. செம்மறியில் இன்னும் சிக்கல்: கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக இருப்பதால் குழாய் உள்ளே போகாது. உறைவிந்து நன்றாக நிற்க வயிற்றில் சிறு துளையிட்டுச் செலுத்த வேண்டும். அதற்குக் கிடாவே மேல்.

மரபணு_வாசகி:
எனக்கு ஊசி மேல் உள்ள பயம் வேறு. 1962இல் பிறந்த அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் இனக் காளைக்கு 16,000 மகள்களுக்கு மேல். பேத்திகள் லட்சக்கணக்கில். தாய், தந்தை இரு வழியிலும் வந்து சேர்ந்தால் கருவிலேயே கன்றைக் கொல்லும் ஒரு மரபணுக் குறை அதனிடம் இருந்தது. அதனால் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். தொழுவத்துக் காளை ஒன்றின் குறை ஓர் ஊரோடு நிற்கும். ஊசி அதைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கருவூட்டாளர்:
அது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் குறை எந்தக் காளையிடமிருந்து வந்தது என்று பின்தொடர முடிந்ததற்குத் தந்தை யார் என்ற பதிவு இருந்ததும் ஒரு காரணம். இன்று அதற்குப் பரிசோதனை இருக்கிறது. குறையைச் சுமக்கும் காளை எது என்று விந்துக் காளைகளின் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். சந்தையில் வாங்கும் காளைக்கு யார் சோதித்துத் தருவார்? அதை மூன்று ஆண்டு கட்டி வைத்தால், அது தன் மகள்களுக்கே சேரும். நெருங்கிய உறவில் கலப்பது அங்கேதான் சீக்கிரம் நடக்கிறது.

மரபணு_வாசகி:
மகள்களுக்குச் சேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் பட்டியலின் முதல் பத்துக் காளைகளையே கேட்டால் உலக மந்தை முழுவதும் மெல்ல ஒரே குடும்பமாகும். பரிசோதனை இருப்பது, தெரிந்த குறைக்கு மட்டும்தான்.

தொழுவம்12:
கறவை மாடுகளுக்குக் காளை வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைக்கிறேன். மகள் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் கிடேரிகளுக்காவது சிறிய காளை ஒன்றை இரவல் வாங்கலாம் அல்லவா?

கருவூட்டாளர்:
கிடேரிக்குத்தான் கூடவே கூடாது. தலைச்சன் ஈற்றில் கன்று பெரிதானால் தாயும் போகும், கன்றும் போகும். காளை சிறியது என்பதால் கன்றும் சிறியது என்று சொல்ல முடியாது. எளிதாகப் பிறக்கும் கன்றுகளைத் தருவது என்று அதன் கன்றுகள் பிறந்த விதத்தைப் பார்த்துத் தேர்ந்த காளையின் குச்சியைக் கேட்டு வாங்குங்கள். காலையும் மாலையும் அரை மணி நேரம் மாடுகளை அவிழ்த்து விட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வால் தொடங்கும் இடத்தின் மேல்புறத்தில் சாயம் பூசினால், இரவில் எந்த மாட்டின் மேல் மற்றவை ஏறின என்று அழிந்த சாயமே சொல்லும்.

தொழுவம்12:
சரி. மருத்துவர் நாளை வருகிறார். நான்கில் ஒரு மாட்டுக்கு வரும் வியாழன் 21ஆம் நாள். அன்று மாலை எது அழிந்திருக்கிறது என்று இங்கே எழுதுகிறேன்.