ஃப்ரீ பேர்ட்: இரண்டு கிட்டாரில் வாசிக்க முடியுமா? அது விடுதலைப் பாட்டுதானா?

தந்திமீட்டி கேட்டது:

லெனர்ட் ஸ்கினர்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' பாட்டை 1973 ஆல்பத்தில் இருப்பது போலவே, ஒன்பது நிமிடமும் வாசிக்க வேண்டும். கையில் இருப்பது இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ். கீபோர்டு இல்லை. ஸ்லைடுக்கு (விரலில் மாட்டித் தந்திமேல் நகர்த்தும் குழாய்) ஓபன் டியூனிங் (அழுத்தாமல் மீட்டினாலே இணைந்த சுரங்கள் வரும்படி சுருதி சேர்ப்பது) வேண்டுமா? மெதுவான பகுதி முடிந்து வேகம் பிடிக்கும் இடத்தில் தாளம் ஒவ்வொரு முறையும் கலைந்துபோகிறது, ஏன்?

இன்னொன்று. இதைத் தனிமனித விடுதலையின் கீதம் என்கிறார்கள். வரிகளைப் படித்தால் காதலியை விட்டுப் போகிறவன் மன்னிப்புக் கேட்பது போலத்தான் தெரிகிறது. எது சரி?

ஆறாம்தந்தி:

ஓபன் டியூனிங் வேண்டாம், சாதாரண டியூனிங்கே போதும். குழுவின் கிட்டார்காரர் கேரி ராஸிங்டன் ஸ்லைடுக்காக நட் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டைச் செருகித் தந்தியை உயர்த்திக்கொண்டார். காரணம் எளிது. தந்தி தாழ்வாக இருந்தால் ஸ்லைடு ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியில்) இடித்துக் கடகடவென்று சத்தம் வரும். ஸ்லைடுக்கென்று தனி கிட்டார் இல்லை என்றால் 11 கேஜ் (கொஞ்சம் தடித்த) தந்தி போட்டு, பிரிட்ஜைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்கட்டும். விரலால் அழுத்தும்போது கம்பிக்குப் பின்னால் வைத்துப் பழகிய கை இங்கேயும் பின்னாலேயே வைக்கும், சுருதி இறங்கிவிடும். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் விரல்களைத் தந்திமேல் லேசாகப் படியவிடுங்கள், தேவையில்லாத ஓசை அடங்கும்.

மெதுவான பகுதியின் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரத்தொகுதிகள்): ஜி, எஃப் ஷார்ப் பேஸோடு டி, இ மைனர், எஃப், சி, டி. அந்த எஃப் ஷார்ப்பைப் பேஸ்காரர் விடவே கூடாது. ஜி-யிலிருந்து இ-க்குப் படிப்படியாக இறங்குவதில்தான் பாட்டின் ஏக்கமே இருக்கிறது. அசலில் ஆர்கன் வாசித்தவர் தயாரிப்பாளர் ஆல் கூப்பர். அதற்குப் பதிலாக இரண்டாவது கிட்டார்காரர் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கார்டை அடித்து, குமிழை மெல்லத் திறக்கட்டும்.

தாளம் கலைவதற்கு வருகிறேன். மெதுவான பகுதி நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 அடி. வேகப் பகுதி 150-ஐ ஒட்டி ஓடுகிறது. 60-ஐ இரட்டித்தால் 120தான் வரும், அங்கேதான் இடறுகிறது. பாதிப்பேர் 120-ல் நிற்பார்கள், மீதிப்பேர் 150-க்குத் தாவியிருப்பார்கள். வேகத்தை ஏற்றுவது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும், அது டிரம்ஸ்காரர். மற்றவர்கள் அவர் கையைப் பார்க்க வேண்டும். ஒத்திகையில் 130-ல் ஆரம்பித்து, முழு நீளத்தையும் கை இறுகாமல் முடித்த பிறகே ஏற்றுங்கள்.

ஸ்டுடியோவில் கடைசி சோலோவை வாசித்தது குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ஆலன் காலின்ஸ் ஒருவர்தான். தன் வாசிப்பின் மேலேயே இன்னொரு முறை வாசித்து இரட்டித்தார். அதனால் மேடையில் அவர்களிடம் இருந்தது போல மூன்று கிட்டார் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒருவர் ஜி ஒரு பார் (நான்கு அடி), பி ஃபிளாட் ஒரு பார், சி இரண்டு பார் என்று அசையாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவரும் சோலோவுக்கு ஆசைப்பட்டால் அடித்தளம் போய்விடும்.

பழைய இசைத்தட்டு:

இரண்டாவது கேள்விக்கு: நீங்கள் படித்தது சரி. நாளைக்கு நான் போய்விட்டால் என்னை நினைத்துக்கொள்வாயா என்ற கேள்வியோடு பாட்டு தொடங்குகிறது. அது காலின்ஸின் காதலி அவரிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. பாடுகிறவன் 'நான் மாற மாட்டேன்' என்று மார்தட்டவில்லை, 'என்னால் மாற முடியவில்லை' என்று கடவுளிடம் சொல்கிறான். சுதந்திரம் இங்கே உரிமை முழக்கம் இல்லை, தன் இயல்பைப் பற்றிய ஒப்புதல். அதற்கு விலை கொடுக்கிறவள் இன்னொருத்தி என்பதும் அவனுக்குத் தெரியும்.

கீதமாக மாற்றியது இசைதான். கார்டுகள் அதிகம், வரி எழுத முடியாது என்று பாடகர் ரானி வான் ஸான்ட் முதலில் ஒதுக்கிய மெட்டு இது. நீண்ட சோலோவும் கிளப்புகளில் அவர் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சேர்ந்ததுதான். ஆனால் கேட்கிறவருக்கு அது வேறாக விழுகிறது: சொல் தீர்ந்துபோகிறது, கிட்டார் கிளம்பிப் போய்விடுகிறது, திரும்பி வருவதே இல்லை.

1977 அக்டோபர் 20 அன்று மிசிசிப்பியில் நடந்த விமான விபத்தில் வான் ஸான்ட் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். 1987 அஞ்சலிச் சுற்றுப்பயணத்தில் இதைப் பாடகர் இல்லாமல் வாசித்தார்கள், கூட்டம் பாடியது. அதன்பின் அந்த முதல் கேள்வியை இறந்தவரின் குரலாகக் கேட்காமல் இருப்பது கடினம். எந்தக் குழுவின் கச்சேரியிலும் யாராவது 'ஃப்ரீ பேர்ட்!' என்று கத்துவதற்கு வேர் 1976 நேரடிப் பதிவு. எந்தப் பாட்டு வேண்டும் என்று வான் ஸான்ட் கேட்கிறார், கூட்டம் கத்துகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 70-களில் இக்குழு மேடையில் தொங்கவிட்டது அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி, அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களின் கொடி. பாட்டின் வரிகளில் அது இல்லை. ஆனாலும் அந்தக் கொடிக்குக் கீழே பாடிய சுதந்திரம் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுந்திருக்காது.

சுரவரிசை:

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி. வேகப் பகுதியின் சோலோ ஜி மைனர் பென்டடோனிக், அதாவது ஐந்து சுர வரிசை. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ க2 ம1 ப நி2, சுத்த தன்யாசியின் சுரங்களேதான். ஆனால் கமகத்தைக் கொண்டுவந்தால் ப்ளூஸ் போய்விடும். பி ஃபிளாட்டை மட்டும் கால் சுரம் மேலே இழுத்து விடுங்கள், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கட்டும்.

தந்திமீட்டி:

நன்றி. 15-ம் ஃப்ரெட் பகுதியில் பெண்ட் (தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதி ஏற்றுவது) எப்போதும் சுருதி குறைகிறதே?

ஆறாம்தந்தி:

ஒற்றை விரலால் இழுக்கிறீர்கள் போல. மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டையும் துணைக்கு வையுங்கள், மணிக்கட்டு சுழலட்டும். சோதிக்க: இரண்டாம் தந்தி 18-ம் ஃப்ரெட்டை ஒரு முழு சுரம் இழுத்து, முதல் தந்தி 15-ஐயும் சேர்த்து அடியுங்கள். இரண்டும் ஜி. அலையடித்தால் இன்னும் எட்டவில்லை.