பொங்கல் ஹவுசிக்கு ஆப் போதுமா, காயும் பையும் வேண்டுமா?

மொட்டைமாடி

எங்கள் அடுக்ககத்தில் 48 வீடுகள். பொங்கலன்று மாடியில் ஹவுசி நடத்தும் பொறுப்பு இந்த முறை என் தலையில். கூப்பிடும் எண் நம் டிக்கெட்டில் இருந்தால் அடித்துக்கொண்டே வரும் ஆட்டம்தான். என் சின்ன வயதில் எண் போட்ட மரக்காய்களைத் துணிப்பையில் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கத்துவார்கள். இப்போது கமிட்டியில் இருக்கும் இளவட்டங்களோ, "ஆன்ட்டி, ஆப் இருக்கு. டிக்கெட் வாட்ஸ்அப்ல போயிடும், எண்ணை அதுவே சொல்லும், அதுவே அடிச்சிடும்" என்கிறார்கள். எல்லாம் அதுவே செய்துகொண்டால் நாங்கள் எதற்கு மாடி ஏற வேண்டும்? இல்லை, நான்தான் பழைய பஞ்சாங்கமா? நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக்காரன்

2020 ஊரடங்கில் எங்கள் குடும்பம் ஜூமில் ஆடியது. முதலில் ஐந்து எண் அடித்தவருக்கு ஒரு பரிசு. கோவையில் சித்தி அதற்கு "ஏர்லி ஃபைவ்" என்று கத்தியது எங்களுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த எண் போய்விட்டது. அதே நேரம் மதுரையில் மாமாவும் கத்தினார். யார் முதலில் என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. பரிசு 50 ரூபாய்.

பொன்மலைப் பெரிசு

நீங்கள் பஞ்சாங்கம் இல்லையம்மா. நான் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே இன்ஸ்டிட்யூட்டில், அதாவது ஊழியர் மன்றத்தில், ஹவுசிக்குப் பல வருடம் எண் கூப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு முன்னால் கூப்பிட்டவர் ஒரு ஆங்கிலோ இந்திய டிரைவர். 88 வந்தால் "டூ ஃபேட் லேடீஸ்", 11 வந்தால் "லெக்ஸ் லெவன்". 9 வந்தால் "டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்" என்பார். அது ஏன் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது, சும்மா சிரிப்போம். அவர் போன பிறகு பை என் கைக்கு வந்தது. எனக்கு அந்த இங்கிலீஷ் வராது. அதனால் 12 என்றால் ஆழ்வார், 63 என்றால் நாயன்மார், 64 என்றால் ஆயகலை, 80 என்றால் சதாபிஷேகம் என்று நானாகவே போட்டுக்கொண்டேன். 58 என்றால் "பெட்டியைக் கட்டு!" அப்போது ரயில்வேயில் ஓய்வு வயது 58. கூட்டம் மொத்தமும் மூத்தவர்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கும். 1998இல் அதை 60 ஆக்கினார்கள். எனக்கும் இரண்டு வருடம் லாபம். அடுத்த ஹவுசியில் பழக்கதோஷத்தில் 58க்கு "பெட்டியைக் கட்டு" என்றுவிட்டேன். "இன்னும் இரண்டு வருஷம் இருக்குய்யா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரே கூச்சல். அன்றோடு அந்த வார்த்தையை 60க்கு மாற்றினேன்.

தப்பாகக் கத்தினால் அந்த டிக்கெட் போகி, அதாவது ஆட்டத்திலிருந்து அவுட். எங்கள் ஊரில் சும்மா விடுவார்களா? "போகி கழன்டுச்சு, வண்டிய எடு!" ஆப்பில் யாரும் தப்பாகக் கத்தவே முடியாதாமே. பாதி சிரிப்பு அங்கேயே போச்சு.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 6, 9, 68, 89 காய்களுக்கு அடியில் கோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைகீழாகப் பார்த்து அடிதடி ஆகும். ஒருமுறை 23 தொலைந்துபோய், பித்தளை வாஷரில் எண் குத்திப் பையில் போட்டுவிட்டேன். மரத்துக்கு நடுவே பித்தளை என்றால் விரலுக்குத் தெரியாதா? "23 எப்ப வரணும்னு அவன்தான் முடிவு பண்றான்" என்று பேச்சு கிளம்பியது. சத்தியமாக நான் அப்படிச் செய்யவில்லை. இருந்தாலும் அடுத்த மாதமே மரத்தில் ஒன்று கடைந்து போட்டேன்.

டூட்டிங் வாசி

ஐயா, உங்கள் 9க்கு விடை என்னிடம் இருக்கிறது. முதல் உலகப்போர் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ டாக்டர்கள் என்ன நோய் என்று போனாலும் "நம்பர் 9" என்ற பேதி மாத்திரையைக் கொடுப்பார்களாம். ராணுவத்தில் இந்த ஆட்டத்தின் பெயர் 'ஹவுஸ்'. அதுதான் நம் ஊரில் ஹவுசி.

நான் இருப்பது லண்டன் டூட்டிங்கில். இங்கே 1931இல் திறந்த கிரனடா என்ற பெரிய சினிமா கொட்டகை, உள்ளே போனால் தேவாலயம் மாதிரி வளைவும் தூணுமாக இருக்கும். 1960 சட்டம் பணம் வைத்து பிங்கோ (இங்கே ஹவுசிக்கு அதுதான் பெயர்) நடத்தும் கிளப்புகளுக்கு வழிவிட்டது. டிவி வந்து காற்றாடிய கொட்டகைகள் பல பிங்கோ கூடமாகின. இந்தக் கிரனடா 1973இல் படம் காட்டுவதை நிறுத்தி, 1976இல் பிங்கோவுக்கு மாறியது. கூடவேலை பார்க்கும் ஒரு அம்மா என்னை ஒருநாள் அழைத்துப் போனார். அவர் கையில் தடித்த மை பேனா, ஒரே தாளில் ஆறு டிக்கெட். அந்த ஆறில் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒருமுறை வரும். என் கையில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். அதுவே அடித்துக்கொண்டது. நான் தேநீர் குடித்தேன். எனக்கு ஒரு எண் பாக்கி என்பதையும் அதுவே சொல்லித்தான் தெரிந்தது. அவருக்கோ ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லை, அவ்வளவு வேகம். அடைமொழி சொல்லக்கூட இடைவெளி இல்லை. 10க்கு மட்டும் அந்தந்தப் பிரதமர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டாம், அவர் வீட்டு எண் அதுதானே. கொஞ்ச வருடமாக அந்தப் பெயரை மாற்றி மாற்றியே வாய் வலித்திருக்கும்.

மொட்டைமாடி அக்கா, வீட்டுக்கு ஒரு ஆறு டிக்கெட் தாள் கொடுங்கள். எந்த எண் வந்தாலும் எல்லா வீட்டுக்கும் அடிக்க ஒன்று இருக்கும். குழந்தைகள் பாதியில் எழுந்து ஓடாது.

மொட்டைமாடி

எல்லோருக்கும் நன்றி. கமிட்டியிடம் சொல்லிவிட்டேன்: தாள்தான், பைதான். எண் கூப்பிட மூன்றாவது மாடித் தாத்தா சம்மதித்துவிட்டார், அவர் தபால் துறை. பரணிலிருந்து அம்மாவின் பையை இறக்கி எண்ணிப் பார்த்தேன். 89 காய்தான் இருக்கிறது. காணாமல் போனது 58.

பொன்மலைப் பெரிசு

வாஷர் மட்டும் போடாதீர்கள்.