பேரரசர் கொடுத்தாரா, பிரபுக்கள் எடுத்துக்கொண்டார்களா?

கோட்டைவாசல்:
இடைக்கால ஜெர்மனி குறுநில மன்னர்கள் கைக்குப் போனதற்கு பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்தான் காரணம் என்பது என் கட்சி. 1220இல் நிலம் ஆண்ட ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) எழுதிக்கொடுத்தார்: உங்கள் நிலத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் புதுச் சுங்கமோ நாணயச் சாலையோ வைக்க மாட்டேன் என்று. பதிலுக்கு அவர் மகன் ஹென்றியை அவர்கள் அரசனாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1232இல் மற்றப் பிரபுக்களுக்கும் இதே மாதிரி சலுகைகள். மனிதருக்கு மனசெல்லாம் தன் இன்னொரு ராஜ்யமான சிசிலியில். ஜெர்மனியை அடகு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பழைய ஏடு:
பட்டா கிடைத்த நாள்தான் குடியேறிய நாள் என்கிறீர்கள். அதற்கு அறுபது வருடம் முன்னால் பாருங்கள். உப்பு வண்டிகள் ஈசார் ஆற்றை ஃபோரிங்கில் கடந்தன. பாலம், சந்தை, சுங்கம் மூன்றும் ஃபிரைசிங் ஆயருடையவை. பவேரியக் கோமகன் சிங்க ஹென்றி அந்தப் பாலத்தை ஒழித்துவிட்டு, ஆற்றின் மேல்பக்கம் தன் பிடியில் இருந்த ஒரு சிற்றூர் வழியாக வண்டிகளைத் திருப்பினார். அந்த ஊர்தான் மியூனிக். வழக்கு பேரரசர் பார்பரோசாவிடம் போனது. 1158இல் தீர்ப்பு: சந்தை மியூனிக்கிலேயே இருக்கட்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயருக்கு. இங்கே யார் யாருக்குக் கொடுத்தது?

கோட்டைவாசல்:
நீங்களே என் பக்கம் கோல் போடுகிறீர்கள் ஐயா. அவ்வளவு அடாவடி செய்தவரும் கடைசியில் பேரரசர் முன்னால்தானே நின்றார்? 1180இல் அதே பார்பரோசா சிங்க ஹென்றியின் சாக்சனி, பவேரியா என்ற இரண்டு கோமகன் பதவிகளையும் பிடுங்கினார். அப்படி ஒரு பிடி இருந்தது. பேரன் ஃபிரெடரிக்தான் அதை விட்டுவிட்டார்.

பழைய ஏடு:
பிடுங்கினார், சரி. வைத்துக்கொண்டாரா? சாக்சனியின் மேற்குப் பகுதியான வெஸ்ட்ஃபாலியா கொலோன் பேராயருக்கு, மீதிச் சாக்சனி அன்ஹால்ட் பெர்ன்ஹார்டுக்கு, பவேரியா விட்டெல்ஸ்பாக் ஓட்டோவுக்கு. பிரான்சில் அரசர் இரண்டாம் ஃபிலிப் 1204இல் நார்மண்டியைப் பறித்தார், தன் சொந்த நிலத்தோடு சேர்த்துக்கொண்டார். இங்கே பெரிய கேக்கை வெட்டி மற்றப் பிரபுக்களுக்கே பரிமாறினார்கள். அவர்கள் ஆதரவு இல்லாமல் சிங்கத்தை வீழ்த்தவே முடிந்திருக்காது.

அரைக்காசு:
ஏழு பேர் சேர்ந்து அரசனைத் தேர்ந்தெடுப்பதாக 1356இல் ஒரு சாசனம் வந்ததே, ஆரம்பம் அது இல்லையா?

பழைய ஏடு:
இல்லை தம்பி. அதற்குள் வீடு கட்டி, கூரை வேய்ந்து, வாடகைக்கும் விட்டாயிற்று.

நெய்தல்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மேலே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். கோட்டையைக் காத்து, வரி வசூலித்து, வழக்கு விசாரித்தது யார்? மினிஸ்டீரியாலிஸ் என்று ஒரு கூட்டம். குதிரை, கவசம், வாள் எல்லாம் உண்டு. சட்டப்படி சுதந்திரம் மட்டும் கிடையாது. வேறொரு பிரபுவின் கீழுள்ள பெண்ணைக் கட்டினால், பிறக்கும் பிள்ளைகளை இரண்டு பிரபுக்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதற்கு எழுதிய சாசனங்களே இருக்கின்றன. வீரன்தான், ஆனால் பாகப்பிரிவினையில் வருகிற வீரன்! பக்கத்தில் வாரிசில்லாமல் ஒரு பிரபு குடும்பம் அற்றுப்போனால், நிலத்தைச் சேர்த்துக்கொண்டு இந்த ஆட்களில் ஒருவரை அங்கே வைத்துவிடலாம். குறுநில ஆட்சி இப்படித்தான் ஊர் ஊராக வளர்ந்தது.

அரசனிடமும் இப்படி ஆட்கள் இருந்தார்கள். ஆனால் 1198இல் ஸ்வாபியா ஃபிலிப், நான்காம் ஓட்டோ என்று இரண்டு அரசர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆதரவு வாங்க இரண்டு பேரும் அரச நிலத்தை அள்ளி வீசினார்கள். 1212இல் ஃபிரெடரிக் வந்தபோது பானையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

கோட்டைவாசல்:
நெய்தல் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1232 விஷயத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அது முதலில் 1231இல் வோர்ம்ஸில் மகன் ஹென்றியை நெருக்கிப் பிரபுக்கள் வாங்கியது. அப்பா மறு வருடம் உறுதி செய்தார், அவ்வளவுதான். ஆனால் 1220ஐ விட்டுத்தர மாட்டேன். அங்கே யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மகன் தலையில் கிரீடம் வைக்க அவரே பேசிய பேரம் அது. அந்த மகனை 1235இல் அவரே பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.